போர்டுல 'ஆர்கானிக்'னு இருந்தா சுகர் ஏறாதா?

1/
மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, பெசன்ட் நகர்... எந்தப் பக்கம் போனாலும் இப்போ ஒரு ஆர்கானிக் உணவகம் இருக்கு. காலைல தினைப் பொங்கல், கருப்பட்டி காபி. மதியம் வரகு சாம்பார் சாதம், கவுனி அரிசி பாயசம். நல்ல விஷயம்தான். ஆனா பல இடங்கள்ல அதுகூடவே ஒரு வரியும் எழுதியிருப்பாங்க: "சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்."

அந்த "தாராளமாக" என்ற வார்த்தையோடதான் எனக்குச் சண்டை. கொஞ்சம் நீளமான த்ரெட். சுகர், பிரஷர், கிட்னி பிரச்சினை இருக்கறவங்க வீட்டுல இருந்தா கடைசி வரை படிச்சிடுங்க.

2/
நான் அரசு மருத்துவமனை மருத்துவர். எம்பிபிஎஸ். எனக்கு எந்த ஓட்டலோடவும் பகை இல்லை, எந்த மருந்துக் கம்பெனியோடவும் உறவு இல்லை. ஆனா ஓ.பி.யில் அடிக்கடி காதுல விழற ஒரு வாக்கியம் இருக்கு: "மாத்திரைய விட்டு ஆறு மாசம் ஆச்சு டாக்டர். இப்போ ரெண்டு வேளையும் ஆர்கானிக்தான்."

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து ரிசல்ட் வந்தா, மூணு மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 10, 11 என்று நிற்கும். அவங்க ஏமாத்தலை. நல்லது செய்யறோம்னு நம்பி, காசு செலவு பண்ணி, நோயை வளர்த்திருக்காங்க.

3/
முதல்ல அடிப்படை. ஆர்கானிக் என்பது பயிர் வளர்ந்த முறையைச் சொல்ற வார்த்தை. ரசாயன உரம், ரசாயனப் பூச்சிக்கொல்லி இல்லாமல் விளைந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

அதுல எவ்வளவு மாவுச்சத்து இருக்கு, எவ்வளவு நெய் ஊத்தினாங்க, எத்தனை கரண்டி சாப்பிட்டீங்க... இதுல எதையும் அந்த வார்த்தை சொல்லாது. இயற்கை விவசாயத்தில் விளைந்த அரிசியும் குடலுக்குள் போனால் குளுக்கோஸ்தான். அந்த குளுக்கோஸ் எந்த வயல்ல இருந்து வந்துச்சுன்னு கணையம் விசாரிக்காது.

4/
"அப்போ ஆர்கானிக் சும்மாவா?" இல்லை. நேர்மையா சொல்லணும்.

2012ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தாங்க. ஆர்கானிக் உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு. ஆனால் சத்து கணிசமாக அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 2014ல் வந்த இன்னொரு தொகுப்பு, ஆர்கானிக் பயிர்களில் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுதல், காட்மியம் குறைவு என்றது. ரெண்டையும் ஏத்துக்கறேன். ஆனா ரெண்டுமே "சுகர் பேஷன்ட் தாராளமா சாப்பிடலாம்"னு சொல்லலை.

5/
பூச்சிக்கொல்லியால் முதல் அடி வாங்குறது யார்? அடையாறுல தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்கும் நாம இல்லை. முகத்துல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு வயல்ல மருந்து அடிக்கிற கூலித் தொழிலாளி.

ஆர்கனோபாஸ்பேட் விஷம் ஏறின ஒருத்தரைக் காப்பாத்த ராத்திரி முழுக்க அட்ரோபின் ஏத்தி, வென்டிலேட்டர்ல வெச்சுப் போராடறது எப்படின்னு எந்த அரசு மருத்துவமனை டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. காசர்கோட்டில் எண்டோசல்பான் செய்ததை நாடே பார்த்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. அதனால இயற்கை விவசாயம் எனக்கு எதிரி இல்லை. அது வேணும்.

6/
நம்மாழ்வார் ஐயா 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, விவசாயிக்கு இதனால் பிரயோஜனம் இல்லை என்று வெளியே வந்தவர். 2013 டிசம்பர் 30ல் மறையும் வரை மண்ணையும் விவசாயியையும் பற்றிப் பேசினார். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டு, விவசாயிகள் கையில் கொடுத்துட்டு 2018ல் போய்ச் சேர்ந்தார்.

இவங்க சேர்த்து வெச்ச மரியாதையைத்தான் இன்னிக்கு சிலர் "சுகர் குறையும் தாலி"ன்னு மெனு கார்டுல ஏத்தி விக்கறாங்க. கோபம் வர்றது இங்கதான்.

7/
இப்போ ஒவ்வொண்ணா பார்ப்போம். முதல்ல கருப்பட்டி.

"வெள்ளைச் சர்க்கரை விஷம், நாங்க கருப்பட்டிதான் போடுறோம்." வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். 100 கிராம் வெல்லத்தில் சுமார் 85 கிராம் சர்க்கரை வகைகள்தான். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன்... எல்லாம் ஒரே குடும்பம். தேனில் இருக்கும் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் "குறைக்க வேண்டிய சர்க்கரை" கணக்கில்தான் வெச்சிருக்கு.

8/
"கருப்பட்டி, வெல்லத்துல இரும்புச் சத்து இருக்கே டாக்டர்?" இருக்கு. 100 கிராம் வெல்லத்தில் சுமார் 4.6 மில்லிகிராம். உங்க காபியில் போடுறது 10 கிராம். அதாவது அரை மில்லிகிராமுக்கும் கம்மி. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர்.

வெல்லத்தை வெச்சு அந்தக் கணக்கை நேர் பண்ணப் பார்த்தா ரத்தசோகை போகாது, சுகர்தான் வரும். வாசனைக்காக, ருசிக்காகச் சாப்பிடுங்க. மருந்துன்னு நினைச்சுச் சாப்பிடாதீங்க.

9/
அடுத்து சிறுதானியம். 2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தகுதியான மரியாதை. 100 கிராம் வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் கம்மி. கம்பு, கேழ்வரகில் 11 கிராம். கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராமுக்கு மேல்.

ஆனா கலோரியைப் பாருங்க. அரிசி, கம்பு, கேழ்வரகு, சாமை, வரகு எதுவானாலும் 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள்தான். மாவுச்சத்தும் அரிசியை விட ரொம்பக் குறைஞ்சிடலை. "அரிசி இல்லை, அதனால கணக்கு இல்லை" என்பது தப்பு.

10/
அதை எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். முழுசா வேகவெச்ச சாமை சோறு ஒரு மாதிரி. அதையே மாவாக்கி, கூழாக்கி, கஞ்சியாக்கிக் குடிச்சா வேற மாதிரி. அரைக்க அரைக்க, குழைய குழைய சீக்கிரம் செரிக்கும். சர்க்கரையும் சீக்கிரம் ஏறும்.

சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய குக்கீஸ், தினை லட்டு, கேழ்வரகு கேக்... இதுக்கெல்லாம் தனியா ஒரு பதிவு போட வேணாம். பேரிலேயே பதில் இருக்கு.

11/
இப்போ இந்த த்ரெட்டில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கோங்க.

ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தியது. சுமார் 1.21 லட்சம் பேர். இந்தியர்களின் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருது. அரிசியை எடுத்துட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வெச்சா மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையலை. மொத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைச்சு, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் மாதிரி புரதம் வந்தால் அபாயம் குறைஞ்சு இருந்தது.

12/
அதாவது தானியத்தோட பேரை மாத்தறது பெருசில்லை. தட்டில் தானியத்தோட பங்கைக் குறைக்கணும்.

ஆனா ஆர்கானிக் உணவகத்துல என்ன நடக்குது? காலைல தினைப் பொங்கல், ராகி தோசை, இனிப்புப் பணியாரம் நாலு, கருப்பட்டி காபி. மதியம் இலை போட்டு சாமை சாதம், மாப்பிள்ளை சம்பா சாதம், வரகுத் தயிர் சாதம், கவுனி பாயசம். எண்ணிப் பாருங்க. எட்டு அயிட்டம். எட்டும் மாவுச்சத்து, மூணுல சர்க்கரை வேற. கூட்டும் பொரியலும் ஒரு ஓரமா ரெண்டு ஸ்பூன்.

வெள்ளை அரிசி ஓட்டல்ல ரெண்டாவது தடவை சாதம் வாங்க யோசிக்கற மனுஷன், இங்க மூணாவது தடவை கேக்கறார். "உடம்புக்கு நல்லதுதானே!"

13/
அதே சமயம், உணவு மாற்றம் வேலை செய்யும் என்பதற்கும் நம்ம ஊர்லயே ஆதாரம் இருக்கு. சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006ல் வெளிவந்த இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். நடைப்பயிற்சி, அளவான சாப்பாடு, சர்க்கரையும் மைதா வகைகளும் குறைப்பு. மூணு வருஷத்துல நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைஞ்சுது.

தீட்டாத பழுப்பு அரிசியை வெச்சும் சென்னையில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 2014. வெள்ளை அரிசியைவிட சுமார் 20 சதவீதம் குறைவாகச் சர்க்கரை ஏறியது. கூடப் பயறு சேர்த்தப்போ இன்னும் கொஞ்சம் குறைவு. எண்ணெய், உப்பு, அளவு, நடை, பயறு. இதுல எதுக்கும் தனி போர்டு தேவைப்படலை.

14/
"எங்க தாத்தா மூணு வேளையும் கம்பங்களி தின்னுட்டு 90 வயசு வரை இருந்தாரே?"

உங்க தாத்தா ஏர் ஓட்டினார். கிணத்துல நீர் இறைச்சார். சந்தைக்கு எட்டு மைல் நடந்தார். அவருக்குப் பணியாரமும் பாயசமும் பண்டிகைக்குப் பண்டிகை. நாம லிஃப்ட்ல இறங்கி, கார்ல ஏறி, ஓட்டல் வாசல்ல இறங்கி, அவரோட பண்டிகைச் சாப்பாட்டை ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிடுறோம்.

இன்னொண்ணு. சுதந்திரம் வாங்கின சமயத்துல இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. குழந்தைகள் அதிகம் இறந்ததால்தான் அந்த எண் அவ்வளவு குறைவு, அதுவும் உண்மை. ஆனா நாம 90 வயசு தாத்தாவைத்தான் பார்க்கிறோம். அவரோட தம்பி, தங்கைகள் எத்தனை பேர் பிழைக்கலைன்னு பாட்டிகிட்டக் கேட்டுப் பாருங்க.

15/
அடுத்து உப்பு. ஆர்கானிக் உணவகங்களுக்குப் பிடிச்ச அயிட்டம் இந்துப்பு. இளஞ்சிவப்பு நிறம், பெரிய பேர். உள்ளே பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. பிரஷருக்கு அது எந்தச் சலுகையும் தராது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதுல பெரிய ஆபத்து வேற. சாதாரணமா விக்கற இந்துப்பில் அயோடின் சேர்க்கறதில்லை. வயித்துல குழந்தையோட மூளை வளர அயோடின் வேணும். கர்ப்பிணிக்கு நாளைக்கு 250 மைக்ரோகிராம். முன்கழுத்துக் கழலையைக் குறைக்கத்தான் நாடு முழுக்க அயோடின் உப்பைக் கட்டாயமாக்கினாங்க. வீட்டில் கர்ப்பிணி இருந்தா தயவுசெய்து அயோடின் உப்புக்கே திரும்பிடுங்க.

16/
செக்கு எண்ணெய், நாட்டு மாட்டு நெய். ருசி பிரமாதம், மறுக்கலை. ஆனா எந்த எண்ணெயும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்குல ஆட்டினா 5 ஆகிடாது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கொலஸ்ட்ரால் கூட இருக்கறவங்க அளவு பார்க்கணும்.

17/
இப்போ கிட்னி. கிரியேட்டினின் ஏறின பேஷன்ட்டுக்கு உடம்பிலிருந்து பொட்டாசியம் சரியா வெளியே போகாது. அவரைக் கூட்டிட்டுப் போய் "எல்லாம் இயற்கை"ன்னு இளநீர், வாழைத்தண்டு ஜூஸ், கீரை சூப், பழச்சாறுன்னு வரிசையா வாங்கிக் கொடுத்தா, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். திடீர்னு நிக்கவும் நிக்கலாம்.

ஆரோக்கியமானவருக்கு அமிர்தமா இருக்கற இளநீர், டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு ஆபத்து. அதை எந்த மெனு கார்டும் எழுதாது. உங்க டாக்டர்கிட்டக் கேளுங்க.

18/
மாத்திரை, இன்சுலின் போடுறவங்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். ஞாயித்துக்கிழமை காலைல கூட்டம் அள்ளும். வீட்டுலயே இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ போட்டுட்டுப் போய், பேரைக் கொடுத்துட்டு வாசல்ல முக்கால் மணி நேரம் நிக்காதீங்க. சுகர் கீழே இறங்கி வேர்த்து, கை நடுங்கி, அங்கேயே சரிஞ்சு விழலாம். எப்போ சாப்பாடு வரும்னு தெரிஞ்ச பிறகு, டாக்டர் சொன்ன இடைவெளியில் போடுங்க.

அதே மாதிரி, நிஜமாவே மாவுச்சத்தைக் குறைச்சுச் சாப்பிட ஆரம்பிச்சா டாக்டர்கிட்டச் சொல்லுங்க. மருந்தளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நாங்களே சந்தோஷமா குறைப்போம்.

19/
ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. முக்கியமா டைப் 1 குழந்தைகளுக்கு. அந்தக் குழந்தை உடம்பில் இன்சுலின் சுரக்கறதே இல்லை. தினை, வரகு, ஆவாரம்பூ எதுவும் அதைச் சுரக்க வைக்காது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போடும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகள் பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமா இறந்தாங்க. இன்னிக்கு வயல்ல அடிக்கிற பூச்சிக்கொல்லிகளும் அப்போ இல்லை, யூரியா மூட்டையும் இல்லை. சாப்பாடு பெரும்பாலும் பழைய முறையில விளைஞ்சதுதான்.

இன்சுலினை நிறுத்தினா சில நாள்லயே உயிர் போகும். இதுல சமாதானத்துக்கே இடம் இல்லை.

20/
"மருந்து மாஃபியாவுக்கு ஜால்ரா"ன்னு கமென்ட் வரும். பரவாயில்லை. ஆனா கணக்கு பாருங்க. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மெட்ஃபார்மின் இலவசம். இன்சுலின் இலவசம். 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தர்றாங்க.

இலவச மாத்திரையை "கெமிக்கல்"னு ஒதுக்கிட்டு, வேளைக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து கருப்பட்டி அல்வா சாப்பிடச் சொல்றவர்கிட்ட, வியாபாரம் யார் பண்றதுன்னு நீங்களே கேளுங்க.

21/
சட்டமும் இருக்கு. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்னு எதையும் விளம்பரம் பண்ணக்கூடாது. 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியல்லயே சர்க்கரை நோய் இருக்கு. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"ஆர்கானிக்" என்ற வார்த்தைக்கும் 2017ல் தனி விதிமுறை வந்தாச்சு. ஆர்கானிக்னு பாக்கெட்ல விக்கற பொருளுக்குச் சான்று வேணும், 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கணும். நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. அடுத்த தடவை போகும்போது ஓட்டல்ல மரியாதையா கேளுங்க: "அண்ணே, அரிசி எங்கேர்ந்து வாங்குறீங்க?" நேர்மையானவங்க ஊர் பேரோட, விவசாயி பேரோட சொல்வாங்க.

22/
அப்படிப்பட்டவங்க நிஜமா இருக்காங்க. அடையாறு கஸ்தூர்பா நகர் ஓ.எஃப்.எம். மாதிரி, விவசாயிகள்கிட்ட நேரடியா வாங்கி நியாய விலைக்கு விக்கற முயற்சிகள் இந்த ஊர்லயே நடக்குது. அவங்களுக்கு ஆதரவு கொடுங்க. விவசாயிக்காக, மண்ணுக்காக, மருந்து அடிக்கிற தொழிலாளிக்காக. அதுவே போதுமான காரணம். இல்லாத ஒரு மருத்துவக் காரணத்தை அதுமேல ஒட்டத் தேவையில்லை.

23/
சரி, போனா எப்படிச் சாப்பிடணும்? போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்லை.

- முதல்ல காய், கூட்டு, பொரியல், சுண்டல். பாதி வயிறு இதுல.
- அடுத்து பருப்பு, பயறு, தயிர். முட்டை, மீன் கிடைச்சா அதுவும்.
- கடைசியா தானியம், தட்டில் கால் பங்கு. மூணு வகை சாதம் இருந்தா ஒண்ணைத் தேர்ந்தெடுங்க.
- காபி சர்க்கரை இல்லாமல். கருப்பட்டியும் இல்லாமல்.
- பாயசம் வேணுமா? நாலு பேருக்கு ஒரு கிண்ணம்.
- சாப்பிட்டு முடிச்சு பத்து, பதினைஞ்சு நிமிஷம் நடை. அந்த ஏரியா மரத்தடி வீதிகள் இதுக்குன்னே இருக்கு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும், தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் சொல்லுது.

24/
காசு இல்லாதவங்க கவலைப்பட வேண்டாம். ஆட்டோ ஸ்டாண்ட் பக்கத்துல நிக்கற கூழ் வண்டிக்காரம்மா, சிறுதானியம் ஃபேஷன் ஆகறதுக்கு முன்னாடியே கம்பங்கூழ் வித்துட்டு இருக்காங்க. ஒரு சொம்புக்கு அரை சொம்பு குடிச்சு, கூட ஒரு கை வேர்க்கடலையோ ஒரு அவிச்ச முட்டையோ சேர்த்துக்கோங்க. வீட்டுல முளைக்கீரை, காராமணி, கொண்டைக்கடலை. சாதாரண மார்க்கெட் காயை நல்லா கழுவிச் சமைச்சாலே போதும். ஆர்கானிக் வாங்க முடியலைன்னு காயையே குறைக்கறதுதான் பெரிய நஷ்டம்.

25/
உணவகம் நடத்தும் நண்பர்களுக்கு மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, "சுகருக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம்" வரியை எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா "அரை அளவும் கிடைக்கும்"னு எழுதுங்க. ரெண்டு, சுண்டலையும் கூட்டையும் முதல்ல, தாராளமா பரிமாறுங்க. அந்த வார்த்தைக்கு அதுதான் சரியான இடம். மூணு, சமையலுக்கு அயோடின் உப்பு போடுங்க.

உங்க சாப்பாடு ருசியா இருக்கு. விவசாயிக்கும் நல்லது பண்றீங்க. பொய் எதுக்கு?

26/
என்னை நம்ப வேண்டாம், அந்த போர்டையும் நம்ப வேண்டாம். வர்ற ஞாயிறு நீங்க வழக்கமா போற இடத்துல வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடுங்க. முதல் வாய் வெச்ச நேரத்திலிருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல ஒரு சொட்டு ரத்தம். பொதுவா 180க்குக் கீழே இருக்கணும். அடுத்த வாரம் அதே கடையில் காய் முதல்ல, சாதம் கால் பங்குன்னு சாப்பிட்டு, திரும்பப் பாருங்க. ரெண்டு எண்ணையும் எழுதி வெச்சுக்கிட்டு உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க.

மாத்திரையை விட்டு ஆறு மாசம் ஆன ஒருத்தர் உங்க குடும்பத்துல நிச்சயம் இருப்பார். பெரியப்பாவோ, அத்தையோ, மாடி வீட்டு மாமியோ. இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. திட்டாதீங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போங்க. டெஸ்ட் இலவசம்.